பழைய மிலிட்டரி ஜீப்பில் ஃபேக்டரி அடையாளம் தேடுவது எப்படி?

முதல் ஜீப்பை நான் கெடுத்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தோப்பில், சீட்டுக்கு அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி அது. பேரம் பேசி, லாரியில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்த மறுவாரமே பானெட்டைக் கழற்றி, மணலைப் பீய்ச்சிப் பெயிண்டை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் அடிக்கக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. எனக்கு ஒரே பெருமை. கூலியை எண்ணிக் கொடுக்கும்போதுதான் அங்கே வேலை பார்த்த பையன் சொன்னான்: "அண்ணாச்சி, அடியில நீலமா ஏதோ நம்பரு இருந்துச்சு. அதையும் சேத்து அடிச்சாச்சு."

அந்த நீல நம்பர் ஃபேக்டரியிலேயே எழுதிய ராணுவப் பதிவு எண் என்று எனக்குத் தெரியவர ஆறு மாசம் ஆனது. தெரிந்த பிறகு கொஞ்ச நாள் அந்த பானெட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்துக்குத் தேவைப்படாத வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. எஸ்டேட்காரர்களும் காண்டிராக்டர்களும் எடுத்தார்கள். பிறகு கை மாறி மாறி மைக் செட் வண்டியாகவும், தேர்தல் வண்டியாகவும், மரம் இழுக்கும் வண்டியாகவும் ஓடின. தேர்தலுக்கு ஒரு நிறம், கல்யாணத்துக்கு ஒரு நிறம். நம் பக்கம் கிடைக்கும் ஜீப்பில் ஏழெட்டுப் பூச்சு இருப்பது சாதாரணம். நமக்கு வேண்டியது கடைசிக்கு முந்தின பூச்சு, ஃபேக்டரி அடித்தது. அதற்குக் கீழே பிரைமர், அதற்கும் கீழே தகரம்.

எந்த வண்டி என்று முதலில் பாருங்கள்

"மிலிட்டரி ஜீப்" என்று நம்மிடம் விற்க வருவதில் பாதிக்கு மேல் போர்க்கால வண்டியே இல்லை. 1940களின் கடைசியில் மகிந்திரா கொண்டுவந்த வில்லிஸ் வண்டிகளும், அதன் பின்னால் இங்கேயே செய்தவையும்தான் அதிகம். முன் கிரில்லில் எத்தனை துளை என்று எண்ணுங்கள். போர்க்கால ஜீப்பில் ஒன்பது, சிவில் ஜீப்பில் ஏழு. போர்க்கால ஜீப்பின் ஹெட்லைட் சின்னதாக, கிரில்லுக்குள் ஒடுங்கி இருக்கும். சிவில் ஜீப்பில் முட்டைக்கண் மாதிரி வெளியே தள்ளியிருக்கும். பானெட் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி நின்றால் அது நிச்சயம் பின்னால் வந்த மாடல். துளைக்குப் பதிலாகக் கம்பிப் பட்டைகளை வைத்து வெல்டிங் செய்த கிரில் இருந்தால், கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்து யோசியுங்கள். வில்லிஸ் அப்படிச் செய்தது 1942 தொடக்கம் வரைக்கும்தான்.

போர்க்கால ஜீப்பைச் செய்தது இரண்டு கம்பெனி. டொலீடோவில் வில்லிஸ், அதன் மாடல் பெயர் எம்.பி. அதே வரைபடத்தை வாங்கி ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இந்தப் பெயரில் ஜி என்பது அரசாங்கத்துக்கு, பி என்பது 80 அங்குல வீல்பேஸைக் குறிக்கும் எழுத்து, டபிள்யூ என்பது வில்லிஸ். இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல். ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து, சேஸின் முதல் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ வடிவச் சட்டமாக இருந்தால் ஃபோர்டு. பாடி மாறும், இன்ஜின் மாறும். இந்தச் சட்டத்தை மாற்ற யாரும் மெனக்கெட்டதில்லை.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

தண்ணீர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 400, 600, 800, 1000 நம்பர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெரிய அழிப்பான் ஒன்று, பேப்பரைச் சுற்றிப் பிடிக்க. மினரல் டர்பன்டைன், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், பழைய வெள்ளை வேட்டித் துணி, பித்தளை பிரஷ், மெழுகு, ஒரு நல்ல டார்ச். இரும்பு தேய்க்கும் கிரைண்டரை வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீ வைத்து உரிக்காதீர்கள். நல்ல மாஸ்க் போடுங்கள். தேய்த்த தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை அள்ளிக் கட்டி வையுங்கள். வாய்க்காலில் விட்டால் அது தாமிரபரணிக்குத்தான் போகும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள். பழைய மீட்டர்களின் கண்ணாடியைத் திறக்காதீர்கள், போர்க்காலக் கருவிகள் சிலவற்றில் ரேடியம் பூசியிருந்தார்கள். பிரேக் லைனிங் தூளை ஊதாதீர்கள், அது ஆஸ்பெஸ்டாஸ்.

சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு தட்டைச் சேர்த்து நட்டுப் போட்டு இறுக்கிய போர்க்கால ரிம் இருந்தால், தேதி முத்திரை தேடுகிற ஆசையில் ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுசாக இறக்க வேண்டும். காற்றோடு அந்த நட்டைத் திறந்தால் ரிம் பிளந்து ஆளை அடிக்கும்.

அடித்த எண்கள்: சேஸ், இன்ஜின்

பெயிண்டைத் தொடும் முன் இரும்பில் அடித்ததைப் படியுங்கள். வில்லிஸ் என்றால் சேஸ் எண் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். இடது சேஸ் சட்டத்தின் உள்பக்கம், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் ரிவெட் அடித்திருப்பார்கள். பல வண்டிகளில் தகடு போய், ரிவெட் துளை மட்டும் நிற்கும். ஃபோர்டு என்றால் இடது சட்டத்தின் மேல்பக்கத்தில், இன்ஜின் மவுண்டிங் பக்கமாக, இரும்பிலேயே அடித்திருக்கும். எண்பது வருஷ ஆயிலும் மண்ணும் அதன்மேல் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும்.

அதை எடுக்கிற விதம் இதுதான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரவு முழுக்க அதன்மேல் போட்டு வையுங்கள். காலையில் பித்தளை பிரஷால் தேயுங்கள், இரும்பு பிரஷ் வேண்டாம். துடைத்துக் காயவிட்ட பிறகு கொஞ்சம் திருநீறு எடுத்து விரலால் அழுத்தித் தேய்த்து, மேலாக ஒரு தடவை துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். கண்ணுக்குத் தெரியாத எண் பளிச்சென்று எழுந்து வரும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் தச்சநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு டிங்கர் அண்ணாச்சி. முதல் தடவை ஜி என்ற எழுத்து அப்படி எழுந்ததைப் பார்த்துவிட்டு, "நம்ம நெத்தியில பூசுததுக்கு மட்டுமால திருநீறு?" என்றார்.

பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் சேஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதே மாதிரி மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ பொய் சொல்லும் இடத்தில் பென்சில் பிரிண்ட் சரியாகக் காட்டும். 3 என்பதையும் 8 என்பதையும் போட்டோவில் பிரிக்க முடியாமல் நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.

இன்ஜின் எண் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஃபோர்டு ஃபேக்டரியில் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒன்றாகவே போட்டார்கள். வில்லிஸ் அப்படிப் போடவில்லை, இரண்டும் வேறாகத்தான் இருக்கும். இது தெரியாமல் "நம்பர் மேட்ச் ஆகலை" என்று நல்ல வில்லிஸை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

எந்தக் காரணத்துக்காகவும் எண்ணை ஆழப்படுத்தாதீர்கள், திரும்ப அடிக்காதீர்கள். ஆர்.சி. புக்கில் உள்ளதும் சேஸில் உள்ளதும் வேறாக இருந்தால், அதை ஆர்.டி.ஓ.விடம் கொண்டுபோய்ப் பேசுங்கள். உளியை எடுத்தால் அது போலீஸ் கேஸ்.

எஃப் வேட்டை

இது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஃபோர்டு தான் செய்த சாமான்களில் எல்லாம் கையெழுத்துப் பாணியில் ஒரு சின்ன எஃப் எழுத்தைப் போட்டது. போல்ட் தலையில், பெடலில், பிராக்கெட்டில், சீட் ஃபிரேமில், எங்கே பார்த்தாலும் எஃப். பழுதான சாமான் யாருடையது என்று பின்னால் தகராறு வரக்கூடாது என்பதற்காகச் செய்தது. நமக்கு அது வரப்பிரசாதம்.

ஆகவே துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றும்போது கேஸ் கட்டரைக் கொண்டு அறுத்து எறியாதீர்கள். பழைய இரும்புக் கடையில் புது போல்ட் கிலோக்கணக்கில் கிடைக்கும், எஃப் போட்ட போல்ட் கிடைக்காது. கழற்றியதை எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, தனித்தனிக் கவரில் போட்டு வையுங்கள். நான் பழைய வார மலர்களைக் கிழித்துப் பொட்டலம் கட்டி, மேலே பேனாவால் எழுதி வைப்பேன். மளிகைக்கடைப் பழக்கம்.

ஒரு வண்டியில் வில்லிஸ் சேஸும் எஃப் போட்ட போல்ட்டும் கலந்து கிடந்தால் பதறாதீர்கள். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் பத்து ஜீப்பை ஒன்றாகப் பிரித்து ஆறு ஜீப்பாகக் கட்டுவது சர்வ சாதாரணம். 1944 தொடக்கம் முதல் இரண்டு கம்பெனிக்கும் பாடி ஒரே இடத்திலிருந்து, அமெரிக்கன் சென்ட்ரல் என்ற கம்பெனியிலிருந்து வந்தது. "முழு அசல்" என்று யாராவது விற்க வந்தால், சிரித்துக்கொண்டே திருநீறை எடுங்கள்.

பின் பேனலில், இடதுபக்கம், தகரத்திலேயே புடைத்து எழுதிய கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு கம்பெனியும் பெயரை அழுத்தின. ராணுவம் வேண்டாம் என்றதால் 1942இல் அது நின்றுபோனது. பின் பேனலில் அடிபட்டு, பட்டி போட்டு நிரவியிருந்தால் அந்தப் பெயர் பட்டிக்கு உள்ளே கிடக்கலாம். ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் காட்டி, மரச் சீவலால் நெம்பினால் பட்டி சில்லாகப் பெயர்ந்து வரும். இரும்பு உளி வேண்டாம்.

டாஷ்போர்டில், கிளவ் பாக்ஸ் மூடியில் மூன்று தகடுகள் இருந்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் மாடலும் எண்ணும் டெலிவரித் தேதியும் இருக்கும். அவற்றைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே குத்துவிளக்கோடு சேர்த்து ஒரு தகட்டைப் புளியால் விளக்கிவிட்டார்கள். தகடு ஜொலித்தது, கறுப்புப் பின்புலமும் மேலோட்டமாக அடித்திருந்த தேதியும் காணாமல் போயின. ஈரத்துணியும் மெழுகும் போதும்.

பெயிண்டுக்குள் இறங்குதல்

இனிமேல்தான் பொறுமை வேண்டும். முதலில் ராத்திரி வேலை. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சை பானெட்டின் பக்கவாட்டுக்கு ஒட்டிப் பிடியுங்கள். வெளிச்சம் தகரத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். பிரஷால் எழுதிய எழுத்துக்கு ஒரு தடிப்பு உண்டு. அதன்மேல் ஏழு பூச்சு போட்டாலும் அந்த மேடு நிழலாகத் தெரியும். தெரிந்ததைச் சாக்பீஸால் குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

எதைத் தேடுகிறோம்? ஃபேக்டரியிலிருந்து வந்தபோது பானெட்டின் இரண்டு பக்கமும் அமெரிக்கப் பதிவு எண் எழுதியிருந்தது. ஜீப்புக்கு அது 20 என்று தொடங்கும். முதலில் அதை மங்கல் நீலத்தில் எழுதினார்கள், தூரத்திலிருந்து எதிரிக்குத் தெரியக்கூடாது என்று. பிறகு பல வண்டிகளில் வெள்ளையில் மேலே எழுதினார்கள். கடைசியில் எஸ் எழுத்து இருந்தால், ரேடியோவுக்கு இடைஞ்சல் வராதபடி மின்சாரச் சத்தத்தை அடக்கிய வண்டி என்று அர்த்தம். பிரிட்டிஷ் கணக்கில் வந்த ஜீப் என்றால் எம் என்று தொடங்கும் எண் இருக்கும். மேல்நோக்கிய அம்புக்குறி, இரண்டு இலக்க வருஷம், ஓர் எழுத்து, பிறகு எண் என்று இருந்தால் அது சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் போட்டது. அதையும் அழிக்கக் கூடாது. பம்பரில் இருப்பது ஃபேக்டரி வேலை இல்லை, படைப்பிரிவின் குறி. கறுப்புப் பூனை தெரிந்தால் 17வது இந்திய டிவிஷன், கறுப்பில் சிவப்பு வட்டம் என்றால் 5வது, தங்க அம்பு என்றால் 7வது. பர்மாப் பக்கம் போய்வந்த வண்டி.

அடுத்தது மாதிரிக் குழி. எழுத்து இருக்க வாய்ப்பே இல்லாத ஓர் இடத்தில், சீட்டுக்கு அடியில் என்று வையுங்கள், இரண்டு விரல் அகலத்துக்கு 400 பேப்பரால் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேயுங்கள். நடுவில் தகரம் தெரியும் வரை போகலாம். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி நிற வளையங்கள் தெரியும். வெளியிலிருந்து உள்ளே எண்ணி எழுதுங்கள்: வெளிர்நீலம், பச்சை, மஞ்சள், ரெட் ஆக்சைடு, கரும்பச்சை, கடைசியில், பிரைமருக்கு மேலே, பளபளப்பே இல்லாத ஆலிவ் டிராப் என்ற ராணுவப் பச்சை. இனி எந்த நிறம் வந்தால் நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

மேல்பூச்சுகள் எந்த வகை என்று பார்க்க, தின்னர் தொட்ட துணியால் ஒரு மூலையில் துடையுங்கள். நிறம் உடனே துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. பெயிண்ட். உங்களுக்கு யோகம். ஃபேக்டரி அடித்தது எனாமல். எண்பது வருஷம் இறுகிய எனாமல் தின்னரைச் சற்று நேரம் தாங்கும், என்.சி. தாங்காது. முதலில் டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுக்கை எடுங்கள். பிறகு டர்பன்டைனும் தின்னரும் பாதிக்குப் பாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, அரை நிமிஷம் வைத்து எடுங்கள். ஒரே திசையில் ஒரே தடவை துடைக்க வேண்டும். பிறகு வேறு துணி. அதே துணியைத் திருப்பிப் போட்டால் கரைந்த பெயிண்டை எழுத்துக்குள்ளேயே தேய்த்துவிடுவீர்கள். அடிப்பூச்சு சுருங்கத் தொடங்கினால் அத்தோடு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

மேலே இருப்பதும் எனாமல்தான் என்றால் கரைசல் உதவாது, தேய்த்துத்தான் இறங்க வேண்டும். 600 பேப்பர், அழிப்பானில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் தொடங்குங்கள். ஆலிவ் டிராப்புக்கு முந்தின நிறம் வந்ததும் 1000க்கு மாறுங்கள். எழுத்தின் விளிம்பு பேய் மாதிரி தெரியத் தொடங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் தெளிவாகிவிடும் என்று கை துடிக்கும். அந்த நாலு இழுப்பில்தான் எழுத்து போகும். "கைய எடுங்க அண்ணாச்சி" என்று சொல்ல ஓர் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது நல்லது. நான் என் மருமகனை வைத்திருக்கிறேன்.

சித்திரை வெயிலில் இந்த வேலை வேண்டாம். தகரம் சுடும், தின்னர் துணியிலிருந்து தகரத்துக்குப் போகும் முன் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் ஆனி ஆடிச் சாரலில் தகரத்தைத் திறந்து போட்டால் மூன்றே நாளில் செம்பூத்துவிடும். மார்கழி, தை காலை நேரம்தான் எனக்குச் சரிப்பட்டது.

கனடா லாரி கிடைத்தால்

சப்பை மூக்கோடு, முன்பக்கம் நறுக்கினாற்போல ஒரு லாரி கேபின் எங்காவது கோழிக்கூண்டாகக் கிடந்தால் அது கனடாவில் ஃபோர்டோ செவ்ரொலேவோ செய்ததாக இருக்கும். இந்தியாவுக்கும் ஏராளமாக வந்தவை. சி எழுத்துக்குள் அம்புக்குறி இருந்தால் கனடா ராணுவ முத்திரை. அம்புக்குறியோடு ஐ இருந்தால் இந்தியாவுடையது. மற்றபடி வேலை முறை ஒன்றுதான்.

கிடைத்த பிறகு

அடிஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள். கண்ணாடித் தாளை மேலே விரித்து, எழுத்தின் விளிம்பை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். காய்ந்ததும் மெல்லியதாக மெழுகு. கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சை அடிக்காதீர்கள், மஞ்சளாகும், திரும்ப எடுக்க முடியாது. தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கமும் வேண்டாம், புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டவைக்கும்.

எழுத்தின் மேலேயே புதுசாக எழுதிப் பளிச்சென்று ஆக்கலாமே என்று கேட்பார்கள். ஆக்கினால் அது உங்கள் கையெழுத்து. முழு வண்டியையும் ஆலிவ் பச்சை அடித்து ஓட்டலாம் என்ற ஆசைக்கும் இங்கே தடை இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121வது விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். அடிக்கும் முன் திருநெல்வேலி ஆர்.டி.ஓ.வான டி.என். 72 ஆபீஸோ, உங்கள் ஊர் ஆபீஸோ, போய்க் கேட்டுவிடுங்கள். 50 வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கு 2021இல் வி.ஏ. வரிசைப் பதிவு என்று தனியாக வந்திருக்கிறது. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், வாடகைக்கு ஓட்டக்கூடாது. சேஸ், பாடி, இன்ஜின் மூன்றையும் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். பென்சில் பிரிண்டும் போட்டோவும் அங்கேயும் கைகொடுக்கும்.

இப்போது என்னிடம் இருக்கும் இரண்டாவது ஜீப்பில் ஒரு சிக்கல் வந்தது. பானெட்டின் இடது பக்கம், மேல் பூச்சில், "சுடலைமாடன் துணை" என்று யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். நல்ல பெயிண்டர், மாடன் என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பு நிழல் கொடுத்திருந்தார். டார்ச் வெளிச்சத்தில் அதற்கு அடியிலேயே 20 நிழலாகத் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. பதிவு எண் இரண்டு பக்கமும் எழுதியிருப்பார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, வலது பக்கத்துக்குப் போனேன். ஒன்பது நாள் தேய்த்ததில் ஆறு இலக்கம் முழுசாக வந்தது, ஏழாவது பாதி. இடது பக்கத்தில் சுடலை அப்படியே நிற்கிறார்.